முதல் மூன்று எட்டு: கால்பந்து ஆடுபவர்களுக்கான வேகப் பயிற்சி

2014 ஏப்ரல் 16. வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பைக்கான இறுதி ஆட்டம். 85-வது நிமிடம், 1–1. ரியல் மாட்ரிட்டின் கேரத் பேல் இடப்புற எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தை முன்னே தட்டிவிடுகிறார். பார்சிலோனாவின் மார்க் பார்ட்ரா தோளைக் கொடுத்து அவரைக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறார். பேல் வெளியிலேயே ஒரு வளைவு போட்டு ஓடி, உள்ளே திரும்பி, பார்ட்ராவைக் கடந்து கோல் அடிக்கிறார்.

வேகம் என்றதும் பலர் மனதில் ஓடும் படம் இதுதான். புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்களைத் திசைதிருப்புவதும் இதுதான். அப்படிப்பட்ட நெடிய ஓட்டம் ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை வாய்த்தால் அதிகம். ஆட்டத்தில் நீங்கள் முழு வேகம் எடுக்கும் தூரம் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர்; இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் விழுந்த 360 கோல்களை அலசி 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கோல் அடித்தவர்கள் அதற்குச் சற்று முன் மிக அதிகமாகச் செய்திருந்த காரியம் நேராக ஓடிய விரைவோட்டம். அதிலும் பெரும்பாலானவை காலில் பந்து இல்லாமல் ஓடியவை. ஆகவே நாம் பழக வேண்டியது 100 மீட்டர் ஓட்டக்காரரின் வேகத்தை அன்று. நின்ற நிலையிலிருந்து, அல்லது மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே, சட்டென்று பாயும் முதல் சில எட்டுகளைத்தான்.

மூச்சு வாங்கினால் அது வேகப் பயிற்சி அல்ல

டிரில்களுக்கு முன்பே ஓய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் பின்னால் வரும் எதுவும் பலிக்காது. நான் ஆடத் தொடங்கிய காலத்தில் எங்கள் பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் கடைசியில் எல்லோரையும் கோல் கோட்டில் நிறுத்துவார். மைதானத்தின் மறுமுனை வரை ஓட்டம், திரும்பி ஓட்டம், பத்து முறை. அதற்கு அவர் வைத்த பெயர் வேகப் பயிற்சி. இரண்டு ஆண்டுகள் அப்படி ஓடினோம். எங்களுக்குக் கிடைத்தது நல்ல தம். வேகம் யாருக்கும் கூடவில்லை. களைத்த காலோடு தினமும் ஓடியதால், களைத்த காலின் ஓட்டத்தையே உடம்பு பாடமாக்கிக்கொண்டது.

காரணம் எளிது. சில விநாடிகளுக்கான முழு வேகத்துக்குத் தசை முக்கியமாக நம்பியிருப்பது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சிறிய சேமிப்பை. அது வேகமாகக் கரையும். அரை நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி திரும்பும். முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் பிடிக்கும். அது நிரம்பும் முன் அடுத்த ஓட்டம் தொடங்கினால் நீங்கள் ஓடுவது தொண்ணூறு சதவீத வேகத்தில், பிறகு எண்பதில்.

பயிற்சியாளர்கள் கையாளும் கணக்கு ஒன்று உண்டு: ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 20 மீட்டர் ஓடினால் இரண்டு நிமிடம். முதல் நாள் இது உங்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றும். பக்கத்தில் யாராவது நின்று பார்த்தால் வெட்கமாகக்கூட இருக்கும். பரவாயில்லை, நடந்துகொண்டே காத்திருங்கள். இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து வேகம் குறைவதாகத் தெரிந்தால் அன்றைய வேலை முடிந்தது; பையைக் கட்டுங்கள். தம் பிடிக்கும் பயிற்சியும் கால்பந்துக்குத் தேவைதான், ஆனால் அதற்கு வேறு நாள், அல்லது இதே நாளின் கடைசிப் பகுதி.

இதிலிருந்தே நேரமும் தெரிந்துவிடும். வேகப் பயிற்சி வார்ம்-அப் முடிந்த கையோடு, பந்துப் பயிற்சிக்கு முன். வாரத்துக்கு இரண்டு முறை போதும், இடையில் 48 மணி நேரமாவது இருக்கட்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் முதல் மாதத்தில் ஒரே நாளில் முழு வேகத்தில் ஓடும் மொத்தத் தூரத்தை 150 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கேட்கக் குறைவாகத்தான் இருக்கும், மறுநாள் படியேறும்போது தொடை சொல்லும்.

மைதானமே அளவுகோல்

அளவு நாடா தேடி அலைய வேண்டாம். விதிப்படி கோடு போட்ட மைதானத்தில் எல்லாம் வரைந்தே இருக்கிறது. கோல் கோட்டிலிருந்து சிறிய கட்டத்தின் கோடு 5.5 மீட்டர். பெனால்டிப் புள்ளி 11 மீட்டர். பெனால்டி எல்லைக்கோடு 16.5 மீட்டர். பார்த்தீர்களா, மூன்றும் சம இடைவெளி. தொடக்க ஓட்டங்களுக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது. நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், அதற்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. கோடு இல்லாத வெற்று நிலமானால் நான்கைந்து கோன்கள் போதும்.

ஆட்டத்தில் போடும் பூட்ஸையே பயிற்சியிலும் போடுங்கள். ஈரமாக வழுக்கும் தரையிலும் கல் போல் இறுகிய தரையிலும் முழு வேகம் எடுக்காதீர்கள்.

வார்ம்-அப் கால் மணி முதல் இருபது நிமிடம். மெதுவோட்டம், பக்கவாட்டு ஓட்டம், பின்னோக்கிய ஓட்டம், முழங்காலை உயர்த்திய நடை, முன்னும் பின்னும் காலை வீசுதல், நீண்ட எட்டு வைத்து இடுப்பைத் தாழ்த்துதல். ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ வார்ம்-அப் தெரிந்திருந்தால் அதையே செய்யலாம். உட்கார்ந்து நிமிடக்கணக்கில் தசையை இழுத்துப் பிடிப்பதைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 16.5 மீட்டர் தூரத்தை மூன்று முறை ஓடுங்கள்: முதலில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில், பிறகு முக்கால், பிறகு முழுமைக்கு ஒரு படி கீழே. இதைச் செய்யாமல் நேரே முழு வேகத்தில் ஓடியவர்களில்தான் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் அதிகம்.

சுவரைத் தள்ளுங்கள்

முதல் டிரிலில் ஓட்டமே இல்லை. சுவரின் முன் நின்று, தோள் உயரத்தில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றுங்கள். கால்களைப் பின்னே கொண்டுபோய் உடம்பை ஏறக்குறைய 45 பாகைக்குச் சாயுங்கள். கணுக்கால், இடுப்பு, தோள், தலை எல்லாம் சாய்த்து வைத்த ஏணி போல ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இப்போது ஒரு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். தூக்கிய காலின் விரல்கள் மேல்நோக்கி, முழந்தாளின் பக்கம் இழுபட்டிருக்கட்டும்.

இங்கே இரண்டு பிழைகள் வரும். ஒன்று, பிட்டம் பின்னே தள்ளி இடுப்பு மடியும். இன்னொன்று, தூக்கிய பாதம் துவண்டு தொங்கும். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். நேராக இருப்பதாக நினைத்தவர் கேள்விக்குறி போல வளைந்திருப்பதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிலை சரியானதும், ஒரே சொடுக்கில் கால் மாற்றுங்கள்: தூக்கிய கால் தரையைக் கீழும் பின்னுமாக அறைய வேண்டும், மற்றது மேலே வர வேண்டும். ஒரு மாற்றம், நிற்றல். இப்படிப் பத்து முறை. பிறகு மூன்று மாற்றங்களைத் தொடர்ச்சியாக, ஐந்து முறை. மாற்றும்போது தலை மேலும் கீழும் ஆடக்கூடாது. பாதம் விழும் இடம் உங்கள் இடுப்புக்குக் கீழே அல்லது சற்றுப் பின்னே. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் சுவரே. வேகமாக ஓட நினைப்பவர் காலை எட்டிப் போடுவார். பாதம் உடம்புக்கு முன்னால் போய் விழும். அப்படி விழுந்த பாதம் ஒவ்வொன்றும் ஒரு பிரேக்.

முதல் மூன்று எட்டு

இப்போது கோல் கோட்டுக்கு வாருங்கள். கால்களைச் சேர்த்து நின்று, உடம்பை மடக்காமல் கணுக்காலிலிருந்தே முன்னே சாயுங்கள். இன்னும் சாயுங்கள். விழப்போகிறோம் என்று உடம்பு பதறும் கணத்தில் ஒரு கால் தானாக முன்னே பாயும், அங்கிருந்து 5.5 மீட்டர் கோடு வரை முழு வலு. அவ்வளவுதான். இதை விழுந்தெழும் தொடக்கம் என்று நாங்கள் சொல்வோம். இதன் அழகு என்னவென்றால், சாய்வை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, புவியீர்ப்பே கற்றுத்தரும்.

முதல் எட்டில் பார்வை தரையில் நான்கைந்து மீட்டர் முன்னே இருக்கட்டும். எழுந்து நிமிர்ந்துவிட அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சமாக உடம்பு நிமிரும். கை வீச்சு முழங்கையிலிருந்து அல்ல, தோளிலிருந்து. முன்னே வரும் கை கன்னம் வரை, பின்னே போகும் கை இடுப்பைத் தாண்டி. முன்னே வீசுவது தானாக நடக்கும், பின்னே இழுப்பதில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

விழுந்தெழும் தொடக்கம் நான்கு முறை நன்றாக வந்த பிறகு, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிய நிலையிலிருந்து 11 மீட்டர். இது காலின் வலுவைக் கேட்கும். முன்னிருக்கும் பாதத்தால் தரையைப் பின்னோக்கித் தள்ளியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி முன்னே வையுங்கள். ஆட்டத்தில் எந்தக் கால் முன்னே இருக்கும்போது பந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து, குப்புறப் படுத்து, கைகளை மார்பருகே ஊன்றி, எழுந்து ஓடுவது. இதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதும். கடைசியில் கால்பந்துக்கே உரிய தொடக்கங்கள்: பக்கவாட்டாக இரண்டு எட்டு நகர்ந்து பாய்தல், பின்னோக்கி ஓடித் திரும்பிப் பாய்தல், தலையால் முட்டுவது போலக் குதித்து இறங்கியதும் பாய்தல். தடுப்பாட்டக்காரர்கள் திரும்பிப் பாய்வதை அதிகம் பழக வேண்டும். அவர்களுடைய வாழ்க்கையே முதுகுக்குப் பின்னால் விழும் பந்துதான்.

சரிவான நிலம் பக்கத்தில் இருந்தால் வாரத்தில் ஒரு முறை அங்கே போங்கள். மேட்டில் ஏறி ஓடும்போது காலை எட்டிப் போடவே முடியாது, சாய்வும் தானாக வரும். மிதமான சரிவு போதும். ஓட்டம் தவழலாக மாறினால் அது அளவுக்கு மிஞ்சிய செங்குத்து. 10 முதல் 15 மீட்டர், ஆறு முறை, இறங்கி வரும்போது நடை.

உச்ச வேகத்துக்கு ஒரு டிரில்

இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்காக ஆடிய தடுப்பாட்டக்காரர் மிக்கி வான் டி வென் 2024 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்த எண் நமக்குத் தேவையில்லை. ஆனாலும் அவரவர் உச்சத்தை வாரம் ஒரு முறையாவது தொட்டுவருவது அவசியம், வேகத்துக்காக மட்டும் அல்ல. தொடையின் பின்தசைக் காயங்கள் பெரும்பாலும் முழு வேக ஓட்டத்தில்தான் நேர்கின்றன. பயிற்சியில் அந்த வேகத்தையே காணாத தசை, ஆட்டத்தில் திடீரென்று அதைச் சந்திக்கும்போது கிழிகிறது.

இதற்குப் பறக்கும் ஓட்டம் என்ற முறை உண்டு. 20 மீட்டர் வரை படிப்படியாக வேகம் ஏற்றி, அடுத்த 10 மீட்டரை முழு வேகத்தில் கடந்து, பிறகு இன்னொரு 20 மீட்டரில் மெல்ல மெல்ல விடுவது. இங்கே உடம்பு நிமிர்ந்திருக்கும், இடுப்பு உயர்ந்திருக்கும், பாதம் தரையைத் தொட்டதும் எடுபடும். முகமும் தோளும் தளர்வாக இருக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுபவர் வேகத்தைக் கழுத்திலேயே செலவழித்துவிடுகிறார். மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நிமிடம்.

நடுவட்டத்தின் வேலை இப்போது. ஆட்டத்தில் ஆஃப்சைடில் சிக்காமல் ஓடும் முன்வரிசைக்காரரும், பக்கவாட்டில் உள்ளே வளையும் விங்கரும் நேர்கோட்டில் ஓடுவதில்லை. வட்டக்கோட்டின் மீதே அரைவட்டம் ஓடுங்கள், ஏறக்குறைய 29 மீட்டர் வரும். வலமாக இரண்டு, இடமாக இரண்டு. ஒரு பக்கம் மற்றதைவிடத் தடுமாறும். அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு முறை ஓடுங்கள்.

நிற்கத் தெரியாதவருக்கு வேகம் எதற்கு

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு நோக்கி ஓடி, சிறிய கட்டத்தின் கோட்டைத் தாண்டியதும் மூன்று நான்கு சிறு எட்டுகளில் நில்லுங்கள். இடுப்பு தாழ வேண்டும், முழங்கால் மடிய வேண்டும், மார்பு முன்னே கவிழக்கூடாது. ஒரே காலை நீட்டி ஊன்றி நிற்பவர் முழங்காலை அடகு வைக்கிறார். முதலில் முக்கால் வேகத்தில் ஆறு முறை. நின்ற பிறகு ஒரு விநாடி அசையாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். அது முடியாதவரை திசை திருப்பும் டிரில்களுக்குப் போக வேண்டாம்.

முடிந்த பிறகு: ஒரு கோனில் தொடங்கி 5 மீட்டர் வலது, திரும்பி 10 மீட்டர் இடது, மீண்டும் 5 மீட்டர் வலது. திரும்பும்போது வெளிப்புறக் காலை ஊன்றி, உடம்பை ஏற்கெனவே புதிய திசைக்குச் சாய்த்திருக்க வேண்டும். நான்கு முறை போதும்.

ஏணி டிரிலைப் பற்றிக் கேட்பீர்கள். தரையில் விரித்த ஏணிக்குள் கால்கள் தந்தியடிப்பது பார்க்க அழகுதான். வார்ம்-அப்பில் ஐந்து நிமிடம் செய்யலாம். ஆனால் அங்கே தரையைத் தள்ளும் வேலையே இல்லை. ஏணியில் மின்னுபவர் 10 மீட்டரில் பின்தங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விழும் பந்து

இவ்வளவும் நீங்களே நினைத்தபோது ஓடியவை. ஆட்டத்தில் இன்னொருவர் முடிவு செய்கிறார். இதற்கு எனக்குப் பிடித்த டிரிலுக்கு ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு நண்பரும் போதும். அவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று, தோள் உயரத்தில் கையை நீட்டிப் பந்தைப் பிடித்திருப்பார். எப்போது விடுவார் என்று சொல்ல மாட்டார். விட்டதும் நீங்கள் பாய்ந்து, பந்து இரண்டாம் முறை தரையைத் தொடும் முன் பிடிக்க வேண்டும். பிடித்தால் அரை எட்டு பின்னே போங்கள். தவறவிடும் இடம்தான் இன்றைய எல்லை; அதைக் குறித்துவைத்தால் அடுத்த வாரம் ஒப்பிடலாம். அவர் இரண்டு கைகளிலும் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டால் கண்ணுக்கும் வேலை வந்துவிடும்.

மூவர் இருந்தால் இன்னும் நல்லது. இருவர் பெனால்டி எல்லைக்கு வெளியே கோலைப் பார்த்து, ஒருவர் மற்றவருக்கு ஒரு மீட்டர் முன்னே நிற்கட்டும். மூன்றாமவர் பின்னாலிருந்து பந்தை இருவருக்கும் நடுவில் உருட்டிவிடுவார். முன்னிருப்பவர் கோலுக்கு அடிக்க வேண்டும், பின்னிருப்பவர் தடுக்க வேண்டும். இங்கே யாரும் வேகத்தைச் சேமிக்க மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மற்ற டிரில்களைக் குறைத்து, இப்படிப்பட்ட துரத்தல் விளையாட்டுகளையே அதிகம் கொடுப்பேன்.

காலுக்கு வலு, வாரத்துக்கு ஒரு கணக்கு

தொடையின் பின்தசைக்கு நார்டிக் என்ற பயிற்சி இருக்கிறது. அது காயங்களைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மண்டியிட்டு, நண்பர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலை வரை விறைப்பாக வைத்து முன்னோக்கி மெல்லச் சாய்வது. தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழலாம். நான்கு முறை, இரண்டு சுற்று. வேகப் பயிற்சி முடிந்த பிறகு மட்டும். முதல் வாரம் நன்றாக வலிக்கும், ஆகவே ஆட்டத்துக்கு முந்தைய இரு நாட்களில் தொடங்காதீர்கள். கூடவே ஒற்றைக்கால் குந்துதல், குதிகால் உயர்த்துதல், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல்.

முதல் இரண்டு வாரம் சுவர், விழுந்தெழும் தொடக்கம், முழங்கால் தொடக்கம், நிற்கும் டிரில் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் பறக்கும் ஓட்டத்தை ஒரு நாளிலும், டென்னிஸ் பந்தை இன்னொரு நாளிலும் சேருங்கள். நான்காம் வாரம் அரைவட்டமும் துரத்தலும். எதையாவது சேர்த்தால் எதையாவது கழியுங்கள். மொத்தத் தூரம் ஏறக்கூடாது.

முன்னேற்றத்தை ஸ்டாப்வாட்சால் அளக்காதீர்கள். கட்டைவிரல் அழுத்தத் தாமதிக்கும் நேரமே 10 மீட்டரில் உங்கள் ஒரு மாத உழைப்பைவிடப் பெரிதாக இருக்கும். கைப்பேசியைப் பக்கவாட்டில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தி, விநாடிக்கு 60 சட்டங்களில் (ஃபிரேம்களில்) படம் எடுங்கள். பின்கால் அசையும் சட்டத்திலிருந்து மார்பு கோட்டைக் கடக்கும் சட்டம் வரை எண்ணி 60-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். மூன்று ஓட்டங்களில் சிறந்ததை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், நான்கு வாரத்துக்கு ஒரு முறை.

ஓடும்போது தொடையின் பின்னால் சுருக்கென்று ஏதோ இழுத்தால் அந்த எட்டிலேயே விடுங்கள். ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நடங்கள். மறுநாள் நடக்கும்போது வலித்தாலோ, தொட்டால் ஓர் இடம் மட்டும் நோவெடுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மருத்துவரையோ இயன்முறைச் சிகிச்சையாளரையோ பாருங்கள். வலி போன பிறகும் நேராக முழு வேகத்துக்குத் தாவ வேண்டாம். வார்ம்-அப்பின் அந்த மூன்று ஓட்டங்களிலிருந்து, பாதி வேகத்தில் தொடங்குங்கள்.